ரெண்டு லிட்டர் பை

வாசலில் கார் வந்து ஹாரன் அடித்துவிட்டது. என் பை இன்னும் காயவில்லை.

கம்பளி ரோமத்தைப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்தால் இழையோடு இழை கவ்விக்கொண்டு துணியாகிவிடும். தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். யூட்யூபில் பார்த்தது. நான் தேய்த்த தேய்ப்பில் நுரை உத்திரமேரூர் ஏரி வரைக்கும் போனது. நம்பாதவர்கள் கொக்குகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் பை பொடி டப்பி அளவுக்குச் சுருங்கிவிட்டது. எலிகூடக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாது.

இது அடுத்தது. மேலே பதித்த பட்டு இழை, சரசு கட்டியிருக்கும் புடவையின் அதே அரக்கு நிறம். ஐயங்கார்குளத்துத் தறியில் மிஞ்சிய நூலை வாங்கி வந்து நகத்தாலேயே பிரித்தேன்.

அளவெல்லாம் பெண்டாட்டி உத்தரவு. ரெண்டு லிட்டர் கொள்ளணும். உலகத்திலேயே பையை லிட்டரில் அளந்தவள் என் சரசு ஒருத்திதான். தோளில் மாட்டினால் இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையில் படக்கூடாது. வாயோரம் விரல் படுக்கிற மாதிரி ஒரு பள்ளம். மகாராணிகூட இத்தனை கண்டிஷன் போட்டிருக்க மாட்டாள்.

பை சரியாக வந்தால்தான் ஓரிக்கைக்கு வருவாளாம். அவள் தூக்கி வளர்த்த தங்கச்சி மகள் ஸ்வேதாவுக்குக் கல்யாணம். இல்லையென்றால் நான் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரணுமாம். தீபாவளியிலிருந்து வாசற்படி தாண்டாதவள், சொன்னால் செய்வாள்.

ஆயுசெல்லாம் கண்டக்டர் பையைத் தோளில் சுமந்தவன் நான். ஒரு பைக்காக இப்படி அலைந்ததில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், பிழிந்தேன், ஃபேனுக்கு அடியில் பிடித்தேன். இஸ்திரி போட்டேன். ஆவிதான் வந்தது.

இரண்டாவது ஹாரன்.

"காயல சரசு. இன்னும் ஈரமா கீது."

"யோவ் கண்டக்டர், இப்டி குடு. உள்ள போறது மட்டும் காஞ்சா கீது?"

கட்டில் கம்பியில் தொங்கிய மூத்திரப் பையைக் கழற்றிக் கம்பளிக்குள் இறக்கினாள். புடவைக்கு அடியிலிருந்து வந்த குழாயைப் பள்ளத்தில் படுக்கவைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மூன்றாவது ஹாரன். கண்ணாடி முன்னால் ஆளைக் காணோம்.

அடித்தது டிரைவர் இல்லை.