கல்லின் சாட்சி

“கல்லுக்கும் கைரேகை உண்டம்மா” என்றார் கொழும்பிலிருந்து வந்த நிபுணர். பல அரச கந்தோர்களில் சொல்லிப் பழகிய வசனமாக இருக்க வேண்டும். சொல்லிவிட்டுச் சிரிப்புக்கு இடம் விட்டார். பிலோமினா சிரிக்கவில்லை.

மேசையில் இரண்டு கத்திகள் கிடந்தன. ஒன்று, மணலுக்குள் எடுத்த எலும்புகளோடு பொலித்தீன் சுற்றிக் கிடந்த வலைக்கத்தி. அது காணாமற்போன தன் கணவனுடையதா என்று தெரியவில்லை என அவள் போன கிழமை சொன்னதால், வீட்டில் அவன் கத்தி தீட்டிய கல்லைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மற்றது, அந்தக் கல்லில் நிபுணர் தீட்டிப் பார்த்த புதுக் கத்தி.

“கண்ணாடியாலை பாருங்கோ. இதிலை மயிர் மாதிரிக் கீறல். அதிலை உழுத மாதிரி. ரெண்டும் ஒரே கல் இல்லை. செத்தது உங்கட மனுசன் இல்லை. விஞ்ஞானம் பொய் சொல்லாது.”

“ஓம் ஐயா.”

எலும்புப் பெட்டியில் ‘அடையாளம் தெரியாதவர்’ என்று எழுதி, மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தார்.

வெளியே காத்திருந்த கணவனின் தம்பி சவிரி, கல்லைச் சைக்கிளில் கட்டப்போனவன் நின்றுவிட்டான்.

“மச்சாள், இது புதுக் கல்லெல்லே. அண்ணற்றை கல் நடுவிலை குழிஞ்சு கிடக்குமே?”

“உப்புக்குளத்துக் கடையிலை வாங்கினனான்.”

“அப்ப, அது?”

“அடுப்படியிலை கிடக்கு. அதைக் கொண்டந்திருந்தால் அண்ணர் இண்டைக்குச் செத்துப்போயிருப்பார்.”