ஒரே ஒரு தலை

“ஆரம்பிச்சுட்டாங்க! ஆரம்பிச்சுட்டாங்க! சத்தத்தைக் கூட்டுங்கப்பா!”

மருந்துக்கடைக்காரர் போட்ட கூச்சலில், சலூன் நாற்காலியில் இருந்த வாத்தியார் துள்ளி எழப் பார்த்தார். கன்னத்தில் கத்தி இருப்பதே அவருக்கு மறந்துபோனது.

“அசையாதீங்க சார். காது போயிடும்” என்றார் சலூன்காரர்.

டி.வி.யில் சட்டசபை ஓட்டெடுப்பு. மௌன சபைக்குத் தடை உண்டா, இல்லையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். முடி வெட்ட வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் கடையில் அதிகம்.

ஊர்க்கோடியில், பெரிய மதிலுக்குள் இருந்தது அந்தச் சபை. எல்லோருக்கும் மொட்டைத் தலை, மூடின வாய். சேர்ந்துவிட்டால் வீடு, வாசல், அப்பா, அம்மா அத்தனையும் கட். சமீபத்தில் உள்ளே ஒரு பெண் காய்ச்சலில் செத்துப்போனாள். மருந்து கொடுக்க விடவில்லை என்று பேச்சு. அன்றிலிருந்து வாத்தியார் தெருத்தெருவாக அலைந்து, தடை கேட்டுக் கையெழுத்து வாங்கினார்.

இந்தத் தெருவில் கையெழுத்துப் போடாத ஒரே ஆள் சலூன்காரர்தான்.

“இப்பவாவது சொல்லுய்யா, ஏன் போடலை?” என்றார் வாத்தியார், நுரைக்கு நடுவே.

“அந்தப் பொண்ணை சாக விட்டவனைப் பிடிச்சு உள்ள போடுங்க சார். நானே சாட்சிக்கு வரேன். சபையையே எதுக்கு மூடணும்?”

“வேரோட பிடுங்கணும்யா! இல்லேன்னா இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைங்க போகணும்?”

“மூடிட்டா மனசு மாறிடுவாங்களா? வேற எங்கயாவது போயிடுவாங்க. எங்க இருக்காங்கன்னுகூட நமக்குத் தெரியாம போயிடும்.”

“தெரிஞ்சு உனக்கு என்ன ஆகணும்?” மருந்துக்கடைக்காரர் எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்தார். “மாசாமாசம் உள்ள போய் அத்தனை பேருக்கும் மொட்டை போடுறாரே, அந்தப் பொழப்பு போயிடும்னு வயித்தைக் கலக்குது!”

கடையே சிரித்தது. சலூன்காரர் கத்தியைத் துடைத்தார்.

“உனக்கென்னப்பா, பையன் வெளிநாட்டுல வேலை பாக்குறான்” என்று பெருமூச்சு விட்டார் வாத்தியார். “இவனுங்க கையில மாட்டியிருந்தா தெரியும் வலி. அடிக்கடி பேசுவானா?”

“மாசம் ஒரு தடவை முகத்தைப் பாத்துடுவேன் சார்.”

“வீடியோ காலா? கொடுத்து வெச்சவன்யா நீ.”

அதற்குள் டி.வி. அலறியது. தடை! இன்று பொழுது சாய்வதற்குள் கட்டிடத்துக்கு சீல்!

கடை அதிர்ந்தது. ஒருவர் விசில் அடித்தார். மருந்துக்கடைக்காரர் ஈரத்துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி ஆடினார். வாத்தியார் இரண்டு கையையும் தூக்கி, “ஜெயிச்சுட்டோம்!” என்று கத்தினார்.

அந்த ஆரவாரத்தில் சலூன்காரர் ஒரு பையில் கத்தி, கிண்ணம், துண்டு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஒரே ஓட்டமாகக் கடையை விட்டு ஓடினார்.

“யோவ்! மீதிக் கன்னம்?” என்று வாத்தியார் அலறினார்.

“சபையில பாக்கி வசூல் பண்ண ஓடுறார் சார்! விடாதீங்க!” என்றார் மருந்துக்கடைக்காரர்.

வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாதிக் கன்னத்தில் நுரை, கழுத்தில் கட்டிய துணி பின்னால் பறக்க, அவரும் ஓடினார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஜெயித்த ஜோரில் அவருக்கு அது உறைக்கவே இல்லை.

சபை வாசலில் போலீஸ் வண்டிகள். பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மொட்டைத் தலைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

“இவங்க எங்க போறாங்க?” என்று ஒரு போலீஸ்காரரிடம் கேட்டார் வாத்தியார்.

“எல்லை தாண்டிப் போறாங்களாம். எந்த ஊருன்னு வாயைத் திறந்தாதானே?”

சலூன்காரர் இன்ஸ்பெக்டர் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

“நாளைக்குப் போட வேண்டிய மொட்டைங்கய்யா. எல்லாருக்கும் முடியாது. ஒரே ஒரு தலை மட்டும் முடிச்சுக்குறேன்.”

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பைத்தியமாய்யா உனக்கு? சரி, சீக்கிரம்.”

வரிசையில் இருந்த ஒல்லியான இளைஞன் ஒருவன், யாரும் கூப்பிடாமலே வந்து படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான்.

கண் மூடித் திறப்பதற்குள் வேலையை முடிப்பவர் என்று பெயர் வாங்கினவர் சலூன்காரர். இன்றைக்கு ஏனோ கத்தி நகரவே மாட்டேன் என்றது. இடது கை அந்தத் தலையை விட்டு எடுபடவில்லை. வழித்து முடித்த இடத்தையே மறுபடி வழித்தார்.

பஸ் ஹாரன் அடித்தது. இளைஞன் எழுந்தான். ஒரு வார்த்தை பேசாமல் போய் ஏறிக்கொண்டான். பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறைந்தது.

வாத்தியார் மூச்சிரைக்கப் பக்கத்தில் வந்தார்.

“அத்தனை பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் மொட்டை! எவ்வளவுய்யா தேறிச்சு?”

சலூன்காரர் வாத்தியாரின் கன்னத்தில் காய்ந்துபோயிருந்த நுரையைத் துண்டால் துடைத்துவிட்டார்.

“பெத்தவங்க பேசக்கூடாது, தொடக்கூடாதுங்கறது அவங்க சட்டம் சார். வெளியாளுங்கள்ல மொட்டை போடுறவன் மட்டும்தான் தலையைத் தொடலாம். நான்தான் அப்பான்னு, என் பையன் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் காட்டிக்கொடுக்கலை.”