சம்யுக்தாவின் டப்பா

முதலில் ஒரு பூனைதான் வந்தது. பிறகு அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்துவிட்டது.

விடுதிக்குப் பின்னால், குப்பைத் தொட்டி ஓரமாக அவள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் மெஸ்ஸிலிருந்து எடுத்து வந்த கரண்டி. முன்னால் மூன்று எவர்சில்வர் டப்பாக்கள்.

மூன்றிலும் கருவாட்டுத் தொக்கு.

கெட்டுப்போயிருந்தால் பரவாயில்லை. கெடவில்லை. தண்ணீர் படாமல், எண்ணெய் மிதக்க அம்மா கிண்டியது. மூடியைத் திறந்ததும் வாயில் எச்சில் ஊறியது.

அதுதான் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

செய்தித்தாளில் வழித்துப் போட்டாள். பூனைகள் நெருங்கி வந்தன.

"சூ" என்றாள், மெதுவாக. பூனைக்கே கேட்டிருக்காது.

நாளையிலிருந்து செமஸ்டர் லீவு. பெட்டி இன்னும் கட்டவில்லை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கவில்லை. மதியம் வைவா, சாயங்காலம் ஊருக்குப் பஸ். இந்த வாரம் முழுக்க இதே ஓட்டம்தான். கொடியில் காய்ந்த துணியை எடுக்கக்கூட நேரமில்லை.

ஆனால் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. அம்மா போனில் சொல்லிவிட்டாள்.

"வெறும் டப்பாவ எல்லாம் மறக்காம எடுத்துட்டு வா தாயி."

முதல் டப்பா, ஊர்ப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பியது. வந்த அன்றே அறையில் திறந்தாள். பக்கத்துக் கட்டிலில் படித்துக்கொண்டிருந்த சம்யுக்தா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

அவ்வளவுதான்.

மூக்கைச் சுளிக்கவில்லை. திரும்பி வந்து விட்ட பக்கத்திலிருந்து படித்தாள்.

இவள் மூடியை அழுத்தி மூடினாள். டப்பா கட்டிலுக்கு அடியில் போனது.

அன்று அம்மா கேட்டாள், கூட இருக்கும் பிள்ளைகளும் சாப்பிட்டார்களா என்று.

"சம்யுக்தாதாம்மா பாதியக் காலி பண்ணுனா."

ஏன் அந்தப் பெயரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவளுக்குக் கிடைத்தது. அடுத்த டப்பா இன்னும் பெரியது.

அதற்கடுத்ததும்.

இப்போது அம்மா இன்னொன்றும் கேட்டிருக்கிறாள்.

"அந்தப் புள்ள டப்பா ஒண்ணு வாங்கிட்டு வா. அதுக்குத் தனியாப் போட்டுத் தாரேன்."

சம்யுக்தாவிடம் கேட்கலாம். கேட்டால் கொடுப்பாள். எதற்கு என்றும் கேட்பாள்.

அதற்கு என்ன சொல்வது?

டப்பாக்களைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். கையை முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை கழுவினாள். பிறகு கையெழுத்துக்கு ஓடினாள். அங்கிருந்து வைவாவுக்கு. கேட்ட கேள்விகளில் பாதிக்குத்தான் பதில் வந்தது.

வெளியே வந்ததும் நேராகக் கடைவீதிக்குப் போனாள்.

பாத்திரக் கடையில் ஒரு டப்பாவை எடுத்தாள். புதுக் கருக்கு அழியாமல் பளபளத்தது. அம்மாவின் அடுப்படியில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. கரண்டிக் காம்பில்கூடப் பெயர் இருக்கும். மொட்டை டப்பாவைக் கொண்டுபோனால் அம்மா புரட்டிப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.

"பேரு வெட்டணும்" என்றாள்.

கடைக்காரர் மெஷினைக் கையில் எடுத்தார். "என்ன பேருங்க கண்ணு?"

"சம்யுக்தா."

"இனிஷியலு?"

அது அவளுக்குத் தெரியாது. ஒரு வருடமாக ஒரே அறை. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

"பேரு மட்டும் போதும்ங்க."

மெஷின் கிர்ரென்று இரைந்தது. ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

போன் அடித்தது. அம்மாதான்.

"என்ன தாயி, ஒரே இரைச்சலா இருக்கு?"

"லேப்ல மெஷின் ஓடுதும்மா."

"அந்தப் புள்ள டப்பா குடுத்துச்சா?"

"குடுத்துட்டா."

"பெருசா, சின்னதா? நாளைக்குச் சந்தை. பெருசுன்னா அப்பாவக் கூடக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வாங்கியாரச் சொல்லணும்."

நெத்திலி வந்தால் அம்மா முறத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளுவாள். இடுப்பு பிடித்துக்கொண்டாலும் எழுந்திருக்க மாட்டாள். முகம் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக.

மெஷின் நின்றது.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, இதவிடச் சின்னது இருக்குங்களா? மாத்திக்கிறேன்."

கடைக்காரர் டப்பாவின் மேல் இருந்த தூளை ஊதினார். பெயர் மின்னியது.

"பேரு வெட்டியாச்சுங்களே கண்ணு. வெட்டுனதத் திருப்பி எடுக்கறதில்லீங்க."

போனுக்குள் அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "தாயி, இருக்கியா? பெருசா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"பெருசுதாம்மா."

"அப்படிச் சொல்லு." அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லாச் சாப்பிடுற புள்ள."