தேன் தடவிய சால்மன்

புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்த மங்கை, முகம்கூடக் கழுவாமல் நேராக அடுப்படிக்குப் போனாள். சால்மன் மீன்தான் சீக்கிரம் வேகும். தேனும் சோயா சாஸும் நசுக்கிய பூண்டும் கலந்து, சட்டியிலிருந்த இரண்டு துண்டுகளின்மேலும் ஊற்றினாள். அடுப்பைத் தணிக்காமல் சுவரில் சாய்ந்தவள், நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். புகை நெடியில் விழித்தபோது தேன் கருகி மீன்மேல் கறுப்பாக ஒட்டியிருந்தது. வேறு சமைக்க உடம்பில் தெம்பில்லை. அதையே சோற்றோடு கணவர் தணிகைவேல் முன்னால் வைத்தாள். தொண்டைக்குக் கதிர்வீச்சு கொடுத்ததிலிருந்து, எட்டு மாதமாக, அவருக்கு நாக்கில் எந்த ருசியும் தெரிவதில்லை. எதை வைத்தாலும், அவள் மனம் நோகக்கூடாதென்று, “நல்லாருக்கு” என்பார். அவளும் ருசி பார்த்துச் சமைப்பதை எப்போதோ விட்டிருந்தாள். இன்று ஒரு வாய் மென்றவர் முகத்தைச் சுளித்தார். “என்ன மங்கை, இப்படிக் கசக்குது?” அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர் எதிரே மெல்ல உட்கார்ந்தாள். “உப்பு தெரியுதாங்க?” அவர் கண்ணை மூடி வெகுநேரம் மென்றார். “இல்ல. கசப்பு மட்டும்தான்.” தன் தட்டிலிருந்த கருகிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். “இதையும் சாப்பிட்டுப் பாருங்க.”