ஒரு கரண்டி உறைமோர்

"மாமா, கொஞ்சம் உறைமோர் குடுங்க!"

கதவு திறந்ததும் கிண்ணத்தை நீட்டினாள் கீழ்வீட்டுப் பெண்.

"நேத்துக் குடுத்தது என்ன ஆச்சு?" என்றார் பெரியவர்.

"தயிர் அருமையா வந்துச்சு மாமா. வழிச்சுச் சாப்பிட்டுட்டேன். எடுத்து வைக்க மறந்துபோச்சு."

"தினமும் இதே பாட்டு! மறுநாளைக்கு ஒரு கரண்டி எடுத்து வெச்சுட்டு அப்புறம் சாப்பிட உட்காருன்னு எத்தனை தடவை சொல்றது? கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையால்ல இருக்கு!"

திட்டிக்கொண்டே அடுக்களைக்குள் போனார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். சத்தமாகப் பேசினால்தான் பேசியது போலிருக்கும் அவருக்கு. குளிருக்காகப் பழைய ஸ்வெட்டர் போர்த்தி வைத்திருந்த சின்னப் பாத்திரத்தைத் திறந்து, ஆடை கலையாமல் ஓரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் விட்டார்.

"பால் விரல் பொறுக்குற சூட்டுல இருக்கணும். கொதிக்கக் கொதிக்க ஊத்தாதே. நூல் நூலா வந்துடும்."

"சரி மாமா. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

"தூங்கினேன், தூங்கினேன். போய் வேலையைப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். வழக்கில் ஜெயித்தவர் முகம்.

"பார்த்தியா? நான் உன்கூட வந்துட்டா இந்தப் பொண்ணுக்கு உறைமோர் யாரு குடுப்பா?"

"கடையில தயிர் விக்குதுப்பா."

"கடைத் தயிரை ஊத்தினா தயிரா வரும்? பசைதான் வரும். போஸ்டர் ஒட்டலாம்."

மகன் மடித்த சட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"விளையாடாதீங்கப்பா. அன்னைக்குக் குளியலறையில விழுந்து மத்தியானம் வரைக்கும் கேட்க நாதியில்லாமக் கிடந்தீங்க. அதுக்கப்புறம் நீங்க போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலே அங்க எனக்கு உயிர் போய் உயிர் வருது. துணைக்கு ஒரு அம்மாவை வெச்சேன். ஒரே வாரத்துல சண்டை போட்டுத் துரத்திட்டீங்க."

"பின்னே? படுக்கையிலிருந்து கையைப் பிடிச்சுத் தூக்கி உட்கார வெக்குறா! ஊரையே ஏத்திக்கிட்டுப் போனவன்டா நான். என்னைப் போய் ஒருத்தர் பார்த்துக்கணுமா?"

"ஆமா. பார்த்துக்கணும். அதனாலதான் கூட்டிட்டுப் போறேன்."

பெரியவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். அந்த மெதுவான கையைப் பார்க்க மகனுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவத்தைவிட பயம் பெரிதாக இருந்தது.

"சரி, வர்றேன். அதுக்கு முன்னால உறைமோரை இந்தப் பாத்திரத்தோட அவகிட்ட குடுத்துட்டு வா. இனிமே மறக்காம எடுத்து வைக்கச் சொல்லு."

கீழ்வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் பாத்திரத்தோடு அவனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மாமாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. என்கூடக் கூட்டிட்டுப் போறேன். இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னார்."

அவள் பாத்திரத்தை வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை வெச்சு நான் என்ன பண்ணுவேன் அண்ணா? எனக்குத் தயிர் வாடையே ஆகாது. பாலே வாங்குறதில்ல."

"அப்போ தினமும் வாங்கிட்டுப் போறது?"

"செடிக்கு ஊத்திடுவேன்." அவள் குரல் இறங்கியது. "மாமா விழுந்து கிடந்தப்போ நான் நேர் கீழ இந்த வீட்டுலதான் இருந்தேன். ஒண்ணும் தெரியல. அது மனசை அறுத்துக்கிட்டே இருக்கு. 'நல்லா இருக்கீங்களா'ன்னு பார்க்கப் போனா மாமாவுக்குக் கோபம் வந்துடும். ஏதாவது கேட்டுப் போய்த் திட்டு வாங்கினா சந்தோஷமாக் கதவைத் திறப்பார். ஒரு நாள் திறக்கலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சுடும். நீங்க சொல்லிடாதீங்க அண்ணா."

மகன் தன் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கையெடுத்துக் கும்பிடவும் முடியாமல், பாத்திரத்தோடு திரும்பி மாடியேறினான்.

நேராகப் போய்ப் பெட்டியிலிருந்த துணிகளை வெளியே எடுத்து வைத்தான்.

"நீங்க இங்கேயே இருங்கப்பா. முடிஞ்சப்பெல்லாம் நான் வந்து பார்த்துக்குறேன்."

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். போன மாதிரியே திரும்பி வந்த பாத்திரத்தையும் பார்த்தார்.

"சொல்லிட்டாளா?"

"என்னது?"

"அவ வீட்டுக்குப் பாலே வர்றதில்லைன்னு."

மகன் திகைத்துப்போனான். "உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா தினமும் உறை ஊத்தி, கரண்டி கரண்டியாக் குடுத்து, திட்டி அனுப்புறீங்க?"

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அப்படியும் பேசவரும் என்பது மகனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பெத்த குழந்தையைப் பறிகொடுத்துட்டு மாசக்கணக்காக் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்த பொண்ணுடா அது. புருஷனுக்கும் வெளியூர்ல வேலை. இப்போ தினமும் எழுந்து, தலை சீவி, நாலு பேர் முகத்துல முழிக்குறான்னா அது இந்த ஒரு கரண்டிக்காகத்தான். நான் கிளம்பிட்டா மறுபடியும் கதவைச் சாத்திக்குவா."

பிறகு, கீழே கேட்டுவிடப் போகிறதே என்பதுபோல மகன் காதருகே குனிந்தார்.

"ஒண்ணு மட்டும் மறந்தும் அவகிட்ட உளறிடாதே. டாக்டர் எனக்குத் தயிரை நிறுத்தி ரொம்ப நாளாச்சு."