மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை

பாதி முகத்தில் நுரையோடு சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்த பண்ணைக்காரர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், பக்கத்துப் பண்ணைக்காரர். கோழிக்கெல்லாம் நோய் வந்துடுச்சு போலிருக்கு."

சலூன்காரர் கத்தியை நிறுத்தினார். "யாருண்ணே சொன்னா?"

"யாரு சொல்லணும்? ரெண்டு நாளா மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல. சுண்ணாம்பு வாடை வேற மூக்கைத் துளைக்குது. நோய் வராத கொட்டகைக்கு யாராவது சுண்ணாம்பு அடிப்பாங்களா? உங்க மனசோட வச்சுக்குங்க."

ஒரு விஷயம் ரகசியமாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர் அதைச் சலூனில் சொல்லமாட்டார். அது பண்ணைக்காரருக்கும் தெரியும்.

முட்டையில் ஏன் வருமானமில்லை என்று யார் கேட்டாலும் தீவன விலை, கரண்ட் பில், வெயில் என்று விரல் விட்டு எண்ணுவார். மனசுக்குள் காரணம் ஒன்றே ஒன்றுதான். பக்கத்துப் பண்ணை முட்டைக்கு வெளியூர் வியாபாரி கூடுதலாகக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, பக்கத்துப் பண்ணைக்காரரோடு பேச்சுவார்த்தையே கிடையாது.

நோய் என்று தெரிந்தால் அந்த வியாபாரி வண்டியை இந்தப் பக்கம் திருப்பித்தானே ஆகவேண்டும்? திருப்பினால்தான் பண்ணை பிழைக்கும். கையில் காசு வந்தால்தான் அடுத்த லோடு என்று தீவனக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சலூன்காரர் வஞ்சகமில்லாமல் உழைத்தார். சாயங்காலத்துக்குள் செய்தி கடைத்தெருவைத் தாண்டியது. மறுநாள் எங்கேயோ செத்த ஒரு கோழியின் படத்தோடு எல்லார் செல்போனுக்கும் வந்து சேர்ந்தது. படத்தைப் பார்த்து, கிளப்பிவிட்டவரே ஒரு நிமிஷம் பயந்துபோனார்.

வெளியூர் வண்டி வரவில்லை. வழக்கமாக வந்துகொண்டிருந்த வண்டியும் நின்றது. போன் போட்டால் வழக்கமான வியாபாரி அலுத்துக்கொண்டார்.

"அண்ணே, இது உங்க முட்டை, அது அவர் முட்டைன்னு ஜனங்களுக்கு என்ன தெரியும்? ஊரே முட்டையைக் கண்டா ஓடுது. விலை பாதியாயிடுச்சு, அதுக்கும் வாங்க ஆளில்ல."

முட்டை அட்டைகள் வீட்டுக் கூடம் வரை ஏறின. கோழிகளுக்கு மட்டும் செய்தி எட்டவில்லை. அவை கடமை தவறாமல் இட்டுக்கொண்டிருந்தன. வீட்டில் மூன்று வேளையும் முட்டைதான்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க இப்படி? தீவனமும் தீரப்போகுது" என்றாள் மனைவி.

"பொறு. நமக்கே இந்தக் கதின்னா, அந்த ஆளோட கதியை நினைச்சுப் பாரு." அந்த நினைப்பு ஒன்றுதான் அவருக்குச் சாப்பாட்டைத் தொண்டையில் இறக்கியது.

நினைத்துப் பார்த்தது போதாமல், ஒருநாள் நேரிலேயே பார்த்துவிடக் கிளம்பினார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பக்கத்துப் பண்ணை கேட்டைத் தட்டினார்.

பக்கத்துப் பண்ணைக்காரர் உள்ளே பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். கொட்டகையில் ஒரு கோழிகூட இல்லை. பண்ணைக்காரருக்குக் குரல் தழுதழுத்தது, சந்தோஷத்தில்தான். "கேள்விப்பட்டேன். எல்லாம் போயிடுச்சா?"

"வாங்க வாங்க. ஆமா, வயசாகி முட்டை இடுறது குறைஞ்சுபோச்சு. இந்தப் புரளிக்கெல்லாம் முன்னாடியே மொத்தத்தையும் நல்ல விலைக்குத் தள்ளிட்டேன். கழுவி, வெள்ளையடிச்சு, இப்போ புதுக் குஞ்சு இறக்கப்போறேன்."

பண்ணைக்காரர் காலிக் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஏதாவது ஒன்றிலாவது இந்த ஆளுக்கு நஷ்டம் வந்திருக்காதா? "குஞ்சு... விலை ரொம்ப அதிகமாச்சே?"

"எந்தப் புண்ணியவான் புரளியைக் கிளப்பினானோ, பாதி விலைக்குத் தர்றாங்க."