வாடாத ஊதாப்பூ

அந்த ஊரில் பூவுக்குப் பூ அர்த்தம் உண்டு. ஊதாப்பூ குத்திக்கொண்டால் வீட்டில் கோபம் என்று பொருள். அது வாடும்வரை, கோபப்பட வைத்தவர்தான் சமைக்க வேண்டும்.

பஸ் ஓட்டும் மனைவி கல்யாண நாளை மறந்துபோனதற்காகத் தையல்காரரான கணவர் தன் சட்டையில் குத்திய பூ, ஆறு நாளாகியும் வாடவில்லை.

"கோபமெல்லாம் அன்னைக்கே போயிடுச்சும்மா. வண்டியும் ஓட்டிட்டு, என் சமையல் வேலையையும் நீ செய்யறதைப் பார்த்தா மனசு கேக்கலை. இந்தப் பூவைக் கழட்டிடறேன்."

"வேண்டாங்க. வாடறதுக்கு முன்னாடி கழட்டினா ஊரே சிரிக்கும். தப்பு பண்ணவ நான், அனுபவிக்கிறேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, அவர் எழுந்திருக்கும் முன்பே அவள் பூக்கடையில் நின்றாள்.

"இன்னைக்கும் ஊதாவாக்கா?" என்றாள் பூக்காரி. "தினமும் அவருக்குத் தெரியாம புதுசு மாத்திக் குத்தறதுக்கு, ஒரு சிவப்புப்பூ குடுத்து சமாதானமாயிடலாமே!"

"வாயைக் கழுவுடி! சமாதானமானா மறுபடி அவருல்ல சமைப்பாரு! ஆறு நாளாத்தான் நான் வாய்க்கு ருசியா சாப்பிடறேன்."